எட்டு அதிர்வெண்களின் விசைப்பலகை: தொலைபேசி டோனை நாமே உருவாக்கலாம்

வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் போன் போட்டால், தமிழில் தொடர எண் ஒன்றை அழுத்தச் சொல்கிறது பதிவுசெய்த குரல். அழுத்துகிறோம். மறுமுனையில் மனிதர் யாரும் இல்லை. ஆனாலும் நாம் எந்த எண்ணைத் தொட்டோம் என்பது அங்கிருக்கும் கணினிக்குத் தெரிந்துவிடுகிறது. இதற்கு அடித்தளம் 1963இல் அமெரிக்காவில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த ஒரு முறை. ஒவ்வொரு விசைக்கும் இரண்டு ஒலிகள். இரண்டும் ஒரே நேரத்தில் எழும். பொறியாளர்கள் இதை டிடிஎம்எஃப் என்பார்கள். இங்கே இரட்டை டோன் என்று வைத்துக்கொள்வோம்.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மைக்ரோகண்ட்ரோலர் போர்டு ஒன்று இருந்தால், இந்த இரட்டை டோனை வீட்டு மேசையிலேயே உருவாக்கிவிடலாம். வேலை கடினமல்ல. ஆனால் செய்யும்போதுதான் ஒன்று புரியும்: இந்த முறையில் வரும் எண்கள் எதுவும் யாரோ தோன்றியபடி எழுதிவைத்தவை அல்ல. மனிதக் குரல் போகும் அதே கம்பியில் எந்திரத்துக்கான கட்டளையும் போக வேண்டும்; எந்திரம் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு எண்ணும் இந்த ஒரே தேவையிலிருந்து பிறந்தது.

சுழல் டயலின் எல்லை

பழைய தொலைபேசியில் விரலை விட்டுச் சுழற்றிய டயல், திரும்பி வரும்போது கம்பியில் ஓடும் மின்னோட்டத்தைத் துண்டித்துத் துண்டித்து இணைக்கும். 1 என்றால் ஒரு துண்டிப்பு, 5 என்றால் ஐந்து, 0 என்றால் பத்து. வேகம் விநாடிக்குப் பத்துத் துண்டிப்புகள். எனவே பூஜ்யம் ஒன்றுக்கே ஒரு முழு விநாடி ஆகும். எக்ஸ்சேஞ்சில் இருந்த மின்காந்த ஸ்விட்சுகள் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு படி நகர்ந்து இணைப்பைத் தேடின.

தாமதத்தைவிடப் பெரிய குறை வேறொன்று. இந்தத் துண்டிப்பு வீட்டுக்கும் அருகிலுள்ள எக்ஸ்சேஞ்சுக்கும் இடையில் மட்டுமே செல்லுபடியாகும். அதற்கப்பால் உள்ள டிரான்ஸ்ஃபார்மர்களையும் ஆம்ப்ளிஃபயர்களையும் நேர்மின்னோட்டம் தாண்டாது. ஆகவே இணைப்பு கிடைத்த பிறகு, வேறோர் ஊரில் இருக்கும் எந்திரத்துக்கு டயலைச் சுழற்றிக் கட்டளை அனுப்ப வழியில்லை.

பெல் ஆய்வகத்துப் பொறியாளர்கள் கண்ட வழி, எண்ணை ஒலியாக அனுப்புவது. தொலைபேசிக் கம்பி ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளைச் சுமக்கும். அந்த எல்லைக்குள் எழும் ஒலி, குரல் சென்று சேரும் இடத்துக்கெல்லாம் தானும் சென்று சேரும். 1963 நவம்பர் 18 அன்று பென்சில்வேனியா மாநிலத்தின் கார்னகி, கிரீன்ஸ்பர்க் ஊர்களில் இந்தச் சேவை வாடிக்கையாளர்களுக்குக் கிடைத்தது. தொடக்கத்தில் பத்து விசைகள்தான். நட்சத்திரக் குறியும் ஹேஷ் குறியும் 1968இல் சேர்ந்தன. அந்த நாளில் இதற்கென்று சிப் கிடையாது. ஒரே டிரான்சிஸ்டரை, இரண்டு கம்பிச்சுருள்களின் துணையோடு, ஒரே நேரத்தில் இரண்டு அதிர்வெண்களில் அலைபாய வைத்தார்கள்.

ஏன் இரண்டு ஒலி? ஏன் இந்த எட்டு?

விசைப்பலகையில் நான்கு வரிசை. அவற்றுக்கு மேலிருந்து கீழாக 697, 770, 852, 941 ஹெர்ட்ஸ். இது தாழ்ந்த குழு. நான்கு பத்திகளுக்கு இடமிருந்து வலமாக 1209, 1336, 1477, 1633 ஹெர்ட்ஸ். இது உயர்ந்த குழு. ஒரு விசையை அழுத்தினால் அதன் வரிசைக்குரிய ஒலியும் பத்திக்குரிய ஒலியும் சேர்ந்து எழும். 5 என்றால் 770உம் 1336உம். நான்கை நான்கால் பெருக்கினால் பதினாறு விசைகள். நம் போனில் பன்னிரண்டுதான் இருக்கின்றன. நான்காம் பத்தியிலுள்ள ஏ, பி, சி, டி விசைகளை அமெரிக்க ராணுவத்தின் ஆட்டோவான் தொலைபேசி வலையமைப்பு பயன்படுத்தியது. அவசர அழைப்புக்கு முன்னுரிமை கேட்க அவை உதவின.

ஒரு விசைக்கு ஓர் ஒலி போதாதா? போதாது. ஒருவர் பேச்சுவாக்கில் சீட்டி அடித்தால்கூட எந்திரம் அதை எண் என்று நினைத்துவிடும். பேச்சில் பல அதிர்வெண்கள் ஒன்றாகக் கலந்திருக்கும். அவற்றில் தாழ்ந்த குழுவிலிருந்து சரியாக ஒன்று, உயர்ந்த குழுவிலிருந்து சரியாக ஒன்று, இரண்டும் ஏறக்குறைய சம வலுவில், வேறெதுவும் குறிப்பிடும்படி கலக்காமல், 40 மில்லி விநாடி நீடிப்பது அரிது. அந்த அருமைதான் பாதுகாப்பு.

அதிர்வெண்களைத் தேர்ந்ததிலும் கணக்கு உண்டு. ஒரு குழுவில் அடுத்தடுத்த எண்களை வகுத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் விடை 21/19க்கு மிக அருகில் வரும். அதாவது ஒவ்வோர் ஒலியும் முந்தையதைவிடச் சுமார் 10.5 சதவீதம் உயர்ந்தது. முழுமடங்கு உறவு எங்கும் இல்லாதபடி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எந்த ஒலிக்கும் அதன் இருமடங்கு, மும்மடங்கில் மேற்சுரங்கள் எழும். 697இன் இருமடங்கு 1394. அது 1336க்கும் 1477க்கும் நடுவே, இரண்டையும் தொடாமல் விழுகிறது. 770இன் இருமடங்கு 1540. அது 1477க்கும் 1633க்கும் நடுவே. 852இன் இருமடங்கான 1704, 1633ஐயும் தாண்டிவிடுகிறது. ஓர் ஒலியின் மேற்சுரத்தை இன்னொரு விசையின் ஒலி என்று எந்திரம் தவறாகக் கொள்ள வாய்ப்பில்லை.

ஏற்கும் எல்லையும் வரையறுக்கப்பட்டிருக்கிறது. அதிர்வெண் 1.5 சதவீதத்துக்குள் விலகினால் பெறும் கருவி ஏற்க வேண்டும், 3.5 சதவீதத்துக்கு மேல் விலகினால் தள்ளிவிட வேண்டும். உயர்ந்த குழுவின் ஒலியைச் சுமார் 2 டெசிபல் கூடுதல் வலுவோடு அனுப்புவது வழக்கம். நீளமான செப்புக் கம்பி உயர்ந்த ஒலிகளைத்தான் அதிகம் விழுங்கும். அந்த இழப்புக்கு முன்கூட்டியே கட்டும் ஈடு இது.

என்னென்ன வேண்டும்?

அட்மெகா 328பி சிப் கொண்ட அர்டுயினோ யூனோ அல்லது நானோ போர்டு ஒன்று. நான்குக்கு நான்கு கீபேட் ஒன்று. 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், 47 நானோஃபாரட் கெபாசிட்டர், 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், 10 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோல். எல்எம்386 சிப் பொருத்திய சிறு ஆம்ப்ளிஃபயர் போர்டு, 8 ஓம் ஸ்பீக்கர், பிரெட்போர்டு, இணைப்பு வயர்கள். எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் எளிதாகக் கிடைப்பவைதான்.

கீபேடிலிருந்து எட்டு வயர்கள் வரும்: நான்கு வரிசைக்கு, நான்கு பத்திக்கு. அவற்றை போர்டின் 2 முதல் 9 வரையிலான பின்களில் செருகலாம். இங்கே ஒரு நல்ல பொருத்தம் இருக்கிறது. எந்த வரிசையும் எந்தப் பத்தியும் இணைந்தன என்று பார்த்துத்தான் கீபேடை எந்த மைக்ரோகண்ட்ரோலரும் வாசிக்கும். வரிசை தெரிந்தால் தாழ்ந்த அதிர்வெண், பத்தி தெரிந்தால் உயர்ந்த அதிர்வெண். விசையின் பெயரைக் கண்டுபிடிக்கவே தேவையில்லை.

ஒலியை எண்ணாக எழுதுதல்

அர்டுயினோவில் ஒலி எழுப்ப ஆயத்தக் கட்டளை ஒன்று உண்டு. அது இங்கே உதவாது. முதற்காரணம், அது ஒரு நேரத்தில் ஓர் ஒலியைத்தான் தரும். அடுத்தது, அது தருவது சதுர அலை. சதுர அலை என்றால் அடிப்படை ஒலியோடு மும்மடங்கு, ஐம்மடங்கு மேற்சுரங்களும் கூடவே வரும். மும்மடங்கு மேற்சுரம் அடிப்படை ஒலியின் மூன்றில் ஒரு பங்கு வலுவோடு ஒலிக்கும். மேற்சுரங்களைத் தவிர்க்கவே அதிர்வெண்களை அவ்வளவு கவனமாகத் தேர்ந்திருக்கிறார்கள். நாமே அவற்றைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. தூய சைன் அலைதான் வேண்டும்.

அதற்கான வழி மூன்று படிகளில் முடிகிறது. முதலில், ஒரு சைன் அலையின் முழுச் சுற்றை 256 புள்ளிகளாக வெட்டி, ஒவ்வொரு புள்ளியின் உயரத்தையும் அட்டவணையாக நினைவகத்தில் எழுதிவிட வேண்டும்.

இரண்டாவது படி, அந்த அட்டவணையைச் சரியான வேகத்தில் படிப்பது. செக்கைச் சுற்றும் மாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றுப்பாதையின் நீளம் 65,536 அலகுகள். மாடு விநாடிக்கு 16,000 அடி எடுத்துவைக்கிறது. அடியின் நீளத்தைக் கூட்டினால் விநாடிக்குக் கூடுதல் சுற்று. குறைத்தால் குறைவான சுற்று. சுற்றின் எண்ணிக்கைதான் அதிர்வெண். ஒரு 16 பிட் எண் மாடு நிற்கும் இடத்தைக் குறிக்கும். 65,536ஐ எட்டியதும் அது தானாகவே பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். அதன் மேல் எட்டு பிட்டை மட்டும் எடுத்தால், அட்டவணையின் 256 புள்ளிகளில் எதைப் படிக்க வேண்டும் என்பது கிடைத்துவிடும்.

அடியின் நீளத்தைக் காண 65,536ஐ 16,000ஆல் வகுத்து, வரும் 4.096ஐ அதிர்வெண்ணோடு பெருக்க வேண்டும். 770 ஹெர்ட்ஸுக்கு 3153.92 வரும், முழு எண்ணாக 3154. 1336 ஹெர்ட்ஸுக்கு 5472.26, முழு எண்ணாக 5472. முழு எண்ணாக்கியதால் உண்மையில் பிறக்கும் ஒலிகள் 770.02 ஹெர்ட்ஸும் 1335.94 ஹெர்ட்ஸும். பிழை 0.005 சதவீதத்துக்கும் குறைவு. அனுமதித்த எல்லையோ 1.5 சதவீதம்.

கணக்கு சரியாக இருந்தாலும் கடிகாரம் தவறினால் எல்லாம் தவறும். யூனோ போர்டில் இந்தச் சிப்பை இயக்குவது 16 மெகாஹெர்ட்ஸ் செராமிக் ரெசனேட்டர். அதன் விலகல் அரை சதவீத அளவில்தான் இருக்கும், கவலையில்லை. செலவைக் குறைக்க அட்டைனி 85 போன்ற சிறு சிப்பை வாங்கி, அதற்குள்ளேயே இருக்கும் கடிகாரத்தை நம்பினால் நிலைமை வேறு. தொழிற்சாலையிலிருந்து வரும்போது அதன் விலகல் 10 சதவீதம் வரை இருக்கலாம் என்கிறது தயாரிப்பாளரின் தகவலேடு. அளந்து திருத்தாமல் பயன்படுத்தினால், 697 என்று நாம் எழுதியது 770ஐ நெருங்கிவிடக்கூடும். வெளியே ஒரு கிரிஸ்டல் பொருத்துவது நல்லது.

மூன்றாவது படி, கூட்டல். ஒரே நேரத்தில் இரண்டு மாடுகள், இரண்டு அடி நீளம். இரண்டும் காட்டும் உயரங்களைக் கூட்டினால் இரட்டை டோன். தாழ்ந்த ஒலிக்கு உச்ச உயரம் 50, உயர்ந்த ஒலிக்கு 63 என்று வைத்தால், இரண்டின் விகிதம் 1.26, அதுவே 2 டெசிபல். கூட்டுத்தொகை 113ஐத் தாண்டாது. நடுப்புள்ளியை 128 என்று வைத்தால், விடை எப்போதும் 15க்கும் 241க்கும் இடையில் நிற்கும். 8 பிட்டுக்குள் அடங்கிவிடும்.

எண்ணை மீண்டும் ஒலியாக்குதல்

அட்மெகா 328பி சிப்பின் பின் எதுவும் இடைப்பட்ட வோல்டேஜைத் தராது. 0 அல்லது 5 வோல்ட், இரண்டில் ஒன்றுதான். ஆனால் மிக வேகமாக அணைத்து எரிக்கும். 16 மெகாஹெர்ட்ஸை 256ஆல் வகுத்தால் 62,500. விநாடிக்கு அத்தனை முறை 11ஆம் பின் எரிந்து அணையும். ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்பதை நாம் கொடுக்கும் எண் தீர்மானிக்கும். 128 என்றால் பாதி நேரம், சராசரியாக 2.5 வோல்ட். இதைத்தான் பிடபிள்யூஎம் என்கிறார்கள். இதைச் சிப்புக்குள்ளேயே இருக்கும் டைமர் 2 பார்த்துக்கொள்ளும். விநாடிக்கு 16,000 முறை புதிய எண்ணைக் கணக்கிட்டுத் தரும் வேலையை டைமர் 1 தூண்டும். ஒவ்வொரு தூண்டலுக்கும் இடையில் ஆயிரம் கடிகாரத் துடிப்புகள் இருக்கின்றன. இரண்டு கூட்டல், இரண்டு அட்டவணை வாசிப்புக்கு அது தாராளம்.

இப்போது 62,500 ஹெர்ட்ஸ் துடிப்பை வடிகட்ட வேண்டும். 11ஆம் பின்னிலிருந்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டர். அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு 47 நானோஃபாரட் கெபாசிட்டர். இந்த இணை ஏறத்தாழ 3,400 ஹெர்ட்ஸில் வெட்டத் தொடங்கும். தொலைபேசிக் குரலின் மேல் எல்லையும் அதுவே. 62,500 ஹெர்ட்ஸை இது சுமார் 25 டெசிபல் தணிக்கும். நமக்கு வேண்டிய 1633 ஹெர்ட்ஸில் இழப்பு ஒரு டெசிபலுக்கும் குறைவு. இன்னும் சுத்தமாக இருக்கட்டும் என்று இதே இணையை இன்னொரு முறை சேர்த்தால், உயர்ந்த குழு அதிகம் தேய்ந்து, நாம் கொடுத்த 2 டெசிபல் கூடுதலே காணாமல் போகும். ஒன்றோடு நிறுத்துவதே சரி.

வடிகட்டிய அலையை 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வழியாக வால்யூம் கன்ட்ரோலுக்கும், அங்கிருந்து ஆம்ப்ளிஃபயருக்கும் கொண்டுபோகலாம். வால்யூமை மிகக் குறைவாக வைத்துத் தொடங்குங்கள். எல்எம்386 இருபது மடங்கு பெருக்கும். உள்ளே அதிகம் கொடுத்தால் அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகும். தட்டையான அலை சதுர அலைக்கு உறவு. விலக்கிவைத்த மேற்சுரங்கள் பின்வாசல் வழியே வந்துவிடும்.

நேரத்தையும் மறக்கக் கூடாது. விசையைத் தொட்டதும் உள்ளிருக்கும் தகடுகள் சில மில்லி விநாடிகள் துள்ளும். 20 மில்லி விநாடி பொறுத்து உறுதிசெய்த பிறகே டோனைத் தொடங்க வேண்டும். தொடங்கிய டோன், விரலை உடனே எடுத்தாலும் 100 மில்லி விநாடி ஒலித்து முடிப்பது நல்லது. இரண்டு டோன்களுக்கு இடையிலும் அதே அளவு மௌனம். இந்தத் தாராளத்தோடும் பத்து இலக்க எண் இரண்டு விநாடியில் முடிந்துவிடும்.

சரியாக வந்ததா?

ஒலியின் அதிர்வெண்களை வரைந்துகாட்டும் ஸ்பெக்ட்ரம் ஆப் ஒன்றைச் செல்போனில் நிறுவி, ஸ்பீக்கர் அருகே பிடியுங்கள். ஒவ்வொரு விசைக்கும் இரண்டே இரண்டு சிகரங்கள் எழ வேண்டும். மூன்றாவதாக ஒன்று உயர்ந்து நின்றால் வால்யூமைக் குறையுங்கள்.

அதைவிடக் கண்டிப்பான தேர்வாளர் எம்டி8870 என்ற சிப். பொறியியல் கல்லூரி மாணவர்கள் செல்போனால் ஓட்டும் ரோபோ செய்யும்போது பயன்படுத்துவது இதைத்தான். இது இரட்டை டோனைக் கேட்டு, எந்த விசை என்பதை நான்கு பிட்டுகளில் சொல்லும். பூஜ்யத்தை அழுத்தினால் 1010 என்று, அதாவது பத்து என்று சொல்லும். சுழல் டயல் காலத்துப் பத்துத் துடிப்புக் கணக்கே இங்கும். இதற்குக் கடிகாரம் தரும் 3.579545 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளுக்காக ஏராளமாகத் தயாரானது, எனவே மலிவு.

சிப் இல்லாமல் நிரல் மூலமும் கேட்கலாம். ஜெரால்ட் கோர்ட்சல் 1958இல் வெளியிட்ட கணக்குமுறை, ஒலியிலுள்ள அத்தனை அதிர்வெண்களையும் ஆராயாமல் நாம் கேட்கும் எட்டை மட்டும் அளந்து சொல்லும். விநாடிக்கு 8,000 மாதிரிகள் என்ற வேகத்தில் 205 மாதிரிகள் எடுத்தால் போதும் என்பது வழக்கமான அளவு. அதற்கு ஆகும் நேரம் 25.6 மில்லி விநாடி. 40 மில்லி விநாடி டோனுக்குள் வேலை முடிந்துவிடும்.

அடி நீளத்தை மாற்றினால் இதே கருவி மற்ற தொலைபேசி ஒலிகளையும் எழுப்பும். இந்தியாவின் பிஸி டோன் 400 ஹெர்ட்ஸ். முக்கால் விநாடி ஒலி, முக்கால் விநாடி மௌனம். டயல் டோன், 25 ஹெர்ட்ஸில் ஏறி இறங்கும் 400 ஹெர்ட்ஸ். அந்தத் தனி உறுமல் அதனால் வருவது.

ஓர் எச்சரிக்கை. இந்தக் கருவியைத் தரைவழித் தொலைபேசிக் கம்பியில் நேரடியாக இணைக்க வேண்டாம். அதில் 48 வோல்ட் எப்போதும் இருக்கும். மணி அடிக்கும்போது அதைவிட உயர்ந்த மாறுமின்னழுத்தம் வரும். கருவி கருகும், கையும் அதிரும். ஸ்பீக்கரை ரிசீவரின் பேசும் பக்கம் காட்டினாலே போதும்.

ஒரே கம்பியால் வந்த வினை

குரலும் கட்டளையும் ஒரே வழியில் போவது வசதி; அதுவே பலவீனமும். அமெரிக்காவில் நெடுந்தொலைவு இணைப்புகள் காலியாக இருப்பதை 2600 ஹெர்ட்ஸ் ஒலியால்தான் எக்ஸ்சேஞ்சுகள் ஒன்றுக்கொன்று தெரிவித்தன. அழைத்தவரே அந்த ஒலியை எழுப்பினால், அழைப்பு முடிந்துவிட்டதாக நெடுந்தொலைவு எந்திரம் நம்பிவிடும். பிறகு எக்ஸ்சேஞ்சுகளுக்கே உரிய டோன்களை நீலப் பெட்டி என்ற கருவியால் அனுப்பி, கட்டணமின்றி எங்கும் பேசலாம். கேப்டன் கிரஞ்ச் என்ற காலை உணவுப் பெட்டியில் இலவசமாக வந்த விசில் இந்த அதிர்வெண்ணைத் தந்தது. இப்படிப் பேசியவர்களில் ஒருவரான ஜான் டிரேப்பர் அந்தப் பெயரையே தன் பட்டப்பெயராக வைத்துக்கொண்டார். 1971 அக்டோபரில் எஸ்குவயர் இதழ் இந்த நீலப் பெட்டிக்காரர்களைப் பற்றி எழுத, அதைப் படித்த ஸ்டீவ் வாஸ்னியாக் டிஜிட்டல் முறையில் ஒரு பெட்டியைச் செய்தார். நண்பர் ஸ்டீவ் ஜாப்ஸோடு சேர்ந்து விற்றார். ஆப்பிள் நிறுவனம் அதற்குப் பின்னர் வந்தது.

எக்ஸ்சேஞ்சுகளுக்கு இடையிலான கட்டளைகளைக் குரல் வழியிலிருந்து பிரித்துத் தனி வழியில் அனுப்புவதுதான் தீர்வு. அமெரிக்காவில் 1976இல் அந்த மாற்றம் தொடங்கியது. இன்று 2600 ஹெர்ட்ஸை எவ்வளவு உரக்க ஒலித்தாலும் எந்த எக்ஸ்சேஞ்சும் ஏமாறாது.

இன்னொரு மாற்றம் நம் சட்டைப்பையிலேயே நடந்திருக்கிறது. ஜிஎஸ்எம் செல்போனில் பேசிக்கொண்டிருக்கும்போது எண்ணை அழுத்தினால், போன் டோனை அனுப்புவதில்லை. இந்த விசை அழுத்தப்பட்டது என்ற செய்தியை மட்டும் அனுப்புகிறது. டோனை உருவாக்குவது வலையமைப்பு. குரலைச் சுருக்கும் நிரல்கள் பேச்சுக்காகவே வடிவமைத்தவை. டோன் அவற்றில் சிதைந்துபோகும் என்பதே காரணம். நாம் கேட்கும் கீச்சொலி நம் காதுக்காக மட்டும். இணையவழித் தொலைபேசியிலும் 2000ஆம் ஆண்டிலேயே இதற்கென்று நெறிமுறை வகுத்து, விசைகளை எண் குறியீடுகளாக அனுப்பத் தொடங்கிவிட்டார்கள்.

ஆனாலும் மறுமுனையில் டோனைக் கேட்டு இயங்கும் எந்திரங்கள் மறைந்துவிடவில்லை. வயலுக்குப் போகாமல் கிணற்று மோட்டாரைச் செல்போனிலிருந்து இயக்கும் கருவிகள் பல, இந்த எட்டு அதிர்வெண்களைக் கேட்டே மோட்டாரைப் போடுகின்றன, நிறுத்துகின்றன.

கருவியைச் செய்து முடித்தவர்கள் கடைசியாக ஒரு சோதனை செய்து பாருங்கள். 5க்குரிய இரண்டு அடி நீளங்களையும் ஐந்து சதவீதம் குறைத்து, எம்டி8870 முன் ஒலிக்க விடுங்கள். காது அதைப் பெரிதுபடுத்தாது. சிப் பதிலே சொல்லாது. பிறகு ஒரு சதவீதம் மட்டும் குறைத்துப் பாருங்கள்; உடனே 5 என்று சொல்லும். எந்தப் பிழையை மன்னிப்பது, எதை மறுப்பது என்று அறுபது ஆண்டுகளுக்கு முன் போட்ட கோடு இன்றும் அதே இடத்தில் நிற்பதை உங்கள் கையாலேயே அளந்துவிடலாம்.